உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை

சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றில் ஒன்றைப் பிறரிடமிருந்து பெற்று வாழ்பவருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ தோளிலோ சிதைந்துபோன மூட்டை நீக்கி, உலோகம், நெகிழி, பீங்கான் ஆகியவற்றால் ஆன செயற்கை மூட்டைப் பொருத்துவது இந்தச் சிகிச்சை. அறுவை முறையைப் பொறுத்தவரை, வயது முதிர்ந்து முழங்கால் தேய்ந்த ஒருவருக்குச் செய்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு நோயாளியின் உடலில் இருக்கிறது. அவர் நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்குகிறார். மாத்திரையை நிறுத்தினால் பெற்ற உறுப்பை உடல் நிராகரித்துவிடும். நிறுத்தாமல் தொடர்ந்தால் எலும்பு மெலியும், புண் மெதுவாக ஆறும், கிருமி எளிதில் குடியேறும். ஆகவே இவருக்கு மூட்டை மாற்றுவது என்பது முதலில் உறுப்பைக் காப்பாற்றும் வேலை, அடுத்துத்தான் எலும்பு வேலை.

இந்தியாவில் 2013இல் ஆண்டுக்கு 5,000க்கும் குறைவாக இருந்த உறுப்பு மாற்றங்கள் 2023இல் 18,000ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பகுதி சிறுநீரகம். முன்பு உறுப்பு பெற்றவர் சில ஆண்டுகள் பிழைத்திருந்தாலே போதும் என்று இருந்தது. இன்று அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், குழந்தை வளர்க்கிறார்கள், பேருந்தில் ஏறி இறங்குகிறார்கள். நெடுநாள் வாழ்பவருக்குத்தான் மூட்டும் கெடுகிறது. எனவே இந்த அறுவையின் தேவை கூடிக்கொண்டே போகும்.

கொல்கத்தாவின் தென்பகுதியான ஜாதவ்பூர் இந்தப் பொருளோடு இரண்டு வழிகளில் தொடர்புடையது. செயற்கை மூட்டுக்கான பீங்கானை ஆராய்ந்த மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ராஜா எஸ்.சி. மல்லிக் சாலையில் இருக்கிறது. இந்திய நோயாளிகளுக்கு இந்த அறுவையில் தனியொரு இடராக நிற்கும் காசநோயை எதிர்த்துப் போராடிய பழைய மருத்துவமனை ஒன்றும் அதே ஜாதவ்பூரில்தான் இருந்தது.

வரலாறு

உறுப்பு மாற்று, மூட்டு மாற்று ஆகிய இரண்டு சிகிச்சைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே ஒத்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். ஒரே மரபணு கொண்டவர்கள் என்பதால் நிராகரிப்பு என்ற சிக்கலே அங்கு எழவில்லை. 1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகத் தலையும் பாலிஎதிலீன் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டை எலும்புச் சிமெண்டால் பொருத்தத் தொடங்கினார். இன்றைய இடுப்பு மாற்று அறுவைகள் அத்தனைக்கும் அதுவே அடிப்படை.

இவ்விரண்டையும் ஒரே நோயாளியிடம் கொண்டு சேர்த்தது ஸ்டீராய்டு. 1960களிலும் 1970களிலும் பிறருடைய சிறுநீரகத்தை உடல் ஏற்கச் செய்ய அசதயோபிரினும் பெருமளவு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும்தான் கையில் இருந்தன. சிறுநீரகம் பிழைத்தது. ஓரிரண்டு ஆண்டுகளில் நோயாளி நொண்டிக்கொண்டு வந்தார். தொடை எலும்பின் தலை உள்ளுக்குள்ளே செத்துச் சரிந்திருந்தது. முப்பது வயதுக்காரருக்கு முதியவரின் இடுப்பு. சார்ன்லியின் மூட்டு அவர்களுக்கும் பொருத்தப்பட்டது இப்படித்தான்.

1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் சைக்ளோஸ்போரினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. 1990களில் டேக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் ஆகியவையும் வந்தன. இவற்றின் துணையால் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க முடிந்தது. இடுப்பு எலும்பு மடிந்து வருவோரின் விகிதமும் வெகுவாகக் குறைந்தது. குறைந்ததே தவிர ஒழியவில்லை.

இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. 1994 ஆகஸ்ட் 3 அன்று டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பி. வேணுகோபால் நாட்டின் முதல் இதய மாற்றைச் செய்தார். மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தைத் தமிழ்நாடு 2008இல் முறைப்படுத்தியது. கிழக்கு மாநிலங்களுக்கான மண்டல உறுப்பு மாற்று அமைப்பு கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் இயங்குகிறது. கிழக்கிந்தியாவின் முதல் இதய மாற்று 2018 மே மாதம், ஜாதவ்பூருக்கு அருகில் ஆனந்தபூரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் நடந்தது.

மூட்டு ஏன் கெடுகிறது

தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகும் பாதை மிகக் குறுகியது. சில மெல்லிய குழாய்கள் மட்டுமே எலும்பின் கழுத்தைச் சுற்றி மேலேறித் தலையை அடைகின்றன. ஸ்டீராய்டு எலும்பு மச்சையில் உள்ள கொழுப்புச் செல்களைப் பெருக்கிப் பருக்க வைக்கிறது. எலும்புக்குள் அழுத்தம் ஏறுகிறது, நுண்குழாய்கள் நசுங்குகின்றன. கொழுப்புத் துளிகள் அவற்றை அடைப்பதும் உண்டு. எலும்பைக் கட்டும் செல்களையும் ஸ்டீராய்டு நேரடியாக மடியச் செய்கிறது. இரத்தம் கிடைக்காத பகுதி இறக்கிறது. இறந்த எலும்பு உடனே நொறுங்குவதில்லை. உடல் அதை அரித்து அகற்றிப் புதிதாகக் கட்டத் தொடங்கும்போதுதான் தாங்கு வலிமை குறைந்து, குருத்தெலும்பின் கீழே பிறை வடிவில் ஒரு பிளவு விழுந்து, உருண்டையான தலை தட்டையாகிறது. மருத்துவமனைகளில் இதை ஏ.வி.என். என்று மூன்று எழுத்தில் சொல்வார்கள்.

உறுப்பு பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு இடுப்பிலும் வருகிறது. முழங்கால், தோள் எலும்புகளையும் சில வேளை தாக்குகிறது.

சிறுநீரகம் பெற்றவர்களுக்கு எலும்பில் முன்கடனும் உண்டு. சிறுநீரகம் கெட்டிருந்த ஆண்டுகளில் வைட்டமின் டி செயல்வடிவம் பெறாமல், பாஸ்பரஸ் ஏறி, பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்து எலும்பின் சுண்ணாம்பை உறிஞ்சியிருக்கும். பல ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தவருக்கு பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் மூட்டுகளிலும் எலும்பிலும் படிந்து குழிகளை உண்டாக்கியிருக்கலாம். புதிய சிறுநீரகம் வந்ததும் இவை எல்லாம் மறைந்துவிடுவதில்லை. சாதாரணமாக வழுக்கி விழுந்தாலே இடுப்பு எலும்பு முறிவது இவர்களிடம் கூடுதல். கல்லீரல் பெற்றவரிடமும் கதை ஒத்ததுதான், காரணங்கள் மட்டும் வேறு. நாள்பட்ட கல்லீரல் நோயே எலும்பை மெலிய வைத்திருக்கும். இவை தவிர, மற்றவர்களைப் போலவே வயதாலும் எடையாலும் முழங்கால் தேய்ந்தவர்களும், முடக்குவாதம் உள்ளவர்களும் உறுப்பு பெற்றவர்களில் இருக்கிறார்கள்.

கண்டறிதல்

எலும்பு மடியும் இந்த நோயில் மிகுதியாக இழக்கப்படுவது காலம். வலி தொடை இடுக்கில் தொடங்கும். சிலருக்கு இடுப்பில் எதுவும் தெரியாமல் முழங்காலில் மட்டும் வலிக்கும். முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குற்றம் இராது. இடுப்பை எக்ஸ்ரே எடுத்தாலும் தொடக்கத்தில் சரியாகவே தெரியும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும்போது எலும்பு மடிந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். எம்.ஆர்.ஐ. மட்டுமே தொடக்க நிலையைக் காட்டும். உறுப்பு மாற்றம் பெற்ற ஒருவர் தொடை இடுக்கில் வலி என்று சொன்னால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவது சரியான மருத்துவம் ஆகாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், இரண்டு இடுப்புக்கும் சேர்த்து எடுக்க வேண்டும்.

தலை சரிவதற்கு முன் கண்டுபிடித்தால் எலும்பின் கழுத்து வழியே துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிறிய அறுவை பலருக்கு உதவும். மடிந்த பகுதி சிறிதாக இருந்தால் மூட்டு மாற்றைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடவும் முடியும். தலை தட்டையான பிறகு துளையிடுவதில் பயன் இல்லை.

எல்லா மூட்டு வலியும் எலும்பு மடிந்ததால் வருவதல்ல. டேக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களில் சிலருக்கு இரண்டு பாதம், கணுக்கால், முழங்கால் ஆகியவற்றில் ஒரே சமயத்தில் கடுமையான வலி வரும். எம்.ஆர்.ஐ.யில் மச்சையில் நீர்கோத்த தோற்றம் தெரியும். இது மருந்தின் விளைவு. மருந்தின் இரத்த அளவைச் சரிசெய்தால் தணியும், கத்தி தேவையில்லை. இன்னொன்று யூரிக் அமிலத்தால் வரும் கவுட். சைக்ளோஸ்போரின் யூரிக் அமிலத்தை ஏற்றும். இங்கே உயிராபத்தான ஒரு பொறி இருக்கிறது: கவுட்டுக்கு வழக்கமாகத் தரும் அலோபுரினால் மாத்திரையை, அசதயோபிரின் எடுப்பவருக்கு அதன் அளவைக் குறைக்காமல் கொடுத்தால், எலும்பு மச்சை முடங்கி வெள்ளணுக்கள் அடியோடு சரிந்துவிடும். பெபுக்சோஸ்டாட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூட்டு வீங்கினால் ஊசியால் நீர் எடுத்துப் பார்ப்பது கட்டாயம். அது கவுட்டா, கிருமியா என்று தெரியாமல் மேலே போகக்கூடாது.

எப்போது செய்வது

டயாலிசிஸில் இருக்கும்போதே மூட்டை மாற்றலாமா, சிறுநீரகம் பெற்ற பின் மாற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி எழும். சிறுநீரகம் கிடைக்க வழி இருந்தால் பின்னதே நல்லது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் செய்யும் மூட்டு மாற்றில் தொற்றும் இறப்பும், சிறுநீரகம் பெற்றவர்களுக்குச் செய்வதைவிட அதிகம். நீர் கோத்து முற்றிய கல்லீரல் நோயிலும் முதலில் கல்லீரல், பிறகு மூட்டு.

உறுப்பு பெற்ற உடனேயும் கூடாது. முதல் ஆறு மாதங்கள் எதிர்ப்புத் தணிப்பு மருந்துகள் உச்ச அளவில் இருக்கும், நிராகரிப்பு ஆபத்தும் அப்போதுதான் மிகுதி. பெரும்பாலான மையங்கள் ஆறு மாதமாவது, இயன்றால் ஓராண்டு காத்திருக்கச் சொல்கின்றன. சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஒரு நிலையில் நின்று, அண்மையில் நிராகரிப்பு எதுவும் நிகழாமல் இருக்க வேண்டும். இடுப்பு முறிந்தவருக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. முறிவு ஓரிரண்டு நாளில் சரிசெய்யப்பட வேண்டியது.

காத்திருக்கும் மாதங்கள் வீணல்ல. சொத்தைப் பல்லைச் சரிசெய்வது, சிறுநீர்த் தொற்றைத் தீர்ப்பது, பாத வெடிப்பையும் தோல் புண்ணையும் ஆற்றுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, மூக்கில் ஸ்டெபைலோகாக்கஸ் கிருமி இருந்தால் முபிரோசின் களிம்பால் அகற்றுவது எல்லாம் அப்போது நடக்க வேண்டும். இரத்த சோகையை முன்பே சரிசெய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. பிறர் இரத்தம் ஏற்றினால் அதிலுள்ள அணுக்களுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அவை பெற்ற உறுப்பையும் தாக்கலாம், பிற்பாடு இன்னொரு சிறுநீரகம் தேவைப்பட்டால் பொருத்தமானது கிடைப்பதையும் அரிதாக்கலாம். ஏற்றியே ஆக வேண்டுமானால் வெள்ளணு நீக்கிய இரத்தம் வேண்டும்.

மருந்துகள்

அறுவை நாளிலும் எதிர்ப்புத் தணிப்பு மருந்தை நிறுத்தக் கூடாது. வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னதால் காலை டேக்ரோலிமஸை நோயாளி விட்டுவிடுவது நடக்கிற தவறு. ஒரு மிடறு தண்ணீரோடு அதைக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ இரத்த அளவைச் சோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் டேக்ரோலிமஸின் அளவு குறையாமல் ஏறுவதுண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

விதிவிலக்கு சிரோலிமஸ், எவரோலிமஸ் என்ற இரண்டு. இவை புண் ஆறுவதைத் தடுப்பவை. ஆகவே திட்டமிட்ட அறுவைக்குச் சில வாரம் முன்பே, உறுப்பு மாற்று மருத்துவர் இவற்றை டேக்ரோலிமஸுக்கு மாற்றி, புண் ஆறிய பின் திரும்பத் தருவார். எலும்பு மருத்துவர் தாமாகச் செய்யும் மாற்றம் அல்ல இது. நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவரின் அட்ரினல் சுரப்பி சோம்பியிருக்கும். அறுவையின் அழுத்தத்துக்கு ஏற்ப அது கார்ட்டிசோலைச் சுரக்காது. வழக்கமான ஸ்டீராய்டைத் தவறாமல் தொடர்வதோடு, தேவைப்பட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி கூடுதலாகத் தரப்படும்.

வலி மாத்திரை இந்த நோயாளிகளுக்கு மிகக் கொடிய பொருள். ஐபுபுரோபென், டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். டேக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் அதையே செய்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சில நாளில் கிரியேட்டினின் எகிறும். மருந்துச் சீட்டு இல்லாமல் மூலைக்கடையில் இந்த மாத்திரைகள் கிடைக்கும் நாடு இது. இடுப்பு வலிக்காரர் ஓராண்டு இவற்றை விழுங்கிவிட்டு மூட்டு மாற்றுக்கு வரும்போது, இரவல் பெற்ற சிறுநீரகம் பாதி போயிருக்கும். இவர்களுக்கு பாராசிட்டமால், நரம்பு மரத்துப்போகச் செய்யும் ஊசி, அளவான ஓபியாய்டு ஆகியவையே வழி.

மற்ற மருந்துகளிலும் கவனம் தேவை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், புளுகோனசோல், டில்டியாசம் ஆகியவை டேக்ரோலிமஸின் இரத்த அளவை ஏற்றும். ரிஃபாம்பிசினும் பெனிட்டாயினும் இறக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கத் தரும் எனாக்சபாரின், இரத்தக் கசிவைக் குறைக்கத் தரும் டிரானெக்சாமிக் அமிலம் இரண்டும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகத்தின் திறனுக்கு ஏற்ப அளவு குறைக்கப்பட வேண்டும். ஜென்டாமைசின் போன்ற சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆன்டிபயாட்டிக் ஊசிகளைத் தவிர்ப்பது நல்லது.

அறுவை அரங்கில்

மாற்றுச் சிறுநீரகம் முதுகுப்புறத்தில் வைக்கப்படுவதில்லை. அடிவயிற்றின் ஓரத்தில், இடுப்பு எலும்பின் குழிவில் வைத்து, தொடைக்கு இறங்கும் பெரிய இரத்தக் குழாய்களோடு இணைக்கிறார்கள். அதாவது இடுப்பு மூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அது இருக்கிறது. இடுப்பு அறுவைக்கு நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து முன்னும் பின்னும் அண்டை கொடுப்பது வழக்கம். முன் அண்டை சிறுநீரகத்தின் மேல் அழுந்திவிடக் கூடாது. மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பில் மாட்டும் கொக்கி, உறுப்புக்குச் செல்லும் இரத்தக் குழாயை நெருக்கிவிடக் கூடாது. எந்தப் பக்கம் சிறுநீரகம் இருக்கிறது என்பதை அறுவை மருத்துவர் தம் கையாலேயே தொட்டுப் பார்த்துத் தொடங்குவது நல்ல மரபு.

டயாலிசிஸுக்காகக் கையில் அமைத்த பிஸ்டுலா இன்னும் துடித்துக்கொண்டிருந்தால், அந்தக் கையில் இரத்த அழுத்தப் பட்டை கட்டுவதோ ஊசி போடுவதோ கூடாது. என்றாவது அந்த பிஸ்டுலா மீண்டும் உயிர் காக்கும். இரத்த அழுத்தம் தாழாமலும் உடலில் நீர் வறளாமலும் பார்த்துக்கொள்வது, மாற்றுச் சிறுநீரகத்துக்கு மயக்க மருத்துவர் செய்யும் மிகப் பெரிய உதவி. இதயம் பெற்றவரிடம் நிலைமை வேறு. புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால், துடிப்பு குறைந்தால் தரும் அட்ரோபின் அங்கே வேலை செய்யாது. நேரடியாக இதயத் தசையில் செயல்படும் மருந்துகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

தொற்று

இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சுவது தொற்றைத்தான். குளத்துப் படியில் பாசி படர்வதுபோல் கிருமிகள் செயற்கை மூட்டின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். படலத்துக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாட்டிக் எளிதில் எட்டாது. உறுப்பு மாற்றம் பெற்றவர்களில் மூட்டுத் தொற்று மற்றவர்களைவிட அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் ஒருமித்துச் சொல்கின்றன. கல்லீரல் பெற்றவர்களில் சிக்கல்கள் இன்னும் சற்றுக் கூடுதல்.

தொற்று வந்தாலும் அதன் அடையாளங்கள் மங்கிக் கிடக்கும். காய்ச்சல் வராமல் இருக்கலாம், மூட்டு சிவக்காமல் இருக்கலாம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சிறிதே ஏறியிருக்கலாம். எதிர்ப்பாற்றல் தணிந்த உடல் கூக்குரல் இடாது. புண்ணிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் நீர் கசிந்தாலோ, ஆறிய மூட்டு திரும்ப வலித்தாலோ தொற்று என்றே எண்ணித் தேட வேண்டும்.

முற்றிய தொற்றுக்கு வழக்கமான தீர்வு இரண்டு கட்ட அறுவை. மூட்டைக் கழற்றி, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமெண்டுத் துண்டை இடையில் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, கிருமி போன பின் புதிய மூட்டு. இதன் இரண்டு படிகளும் மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு இடராகின்றன. அந்தச் சிமெண்டில் பெருமளவு கலக்கும் ஜென்டாமைசினும் வான்கோமைசினும் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். படலத்துக்குள் நுழைந்து ஸ்டெபைலோகாக்கஸைக் கொல்லும் சிறந்த மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டி டேக்ரோலிமஸை விரைவாக எரித்துவிடும். டேக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்டிக் கொடுத்தால்தான் அளவு நிற்கும். ரிஃபாம்பிசினை நிறுத்தும் நாளில் அதைக் குறைக்க மறந்தால் நஞ்சாகும். இந்தத் தூண்டல் குறைந்த ரிஃபாபியூட்டின் சில இடங்களில் மாற்றாகப் பயன்படுகிறது.

இதே முடிச்சு காசநோயிலும் விழுகிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். உறுப்பு பெற்றவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. எப்போதோ உடலில் புகுந்து உறங்கிக் கிடந்த கிருமி, எதிர்ப்பு தணிந்ததும் விழித்துக்கொள்கிறது. எலும்பிலும் மூட்டிலும் கூடக் குடியேறுகிறது. செயற்கை மூட்டைச் சுற்றி நீண்ட நாள் நீர் கசிந்து, வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் முளைக்காதபோது காசநோயை நினைக்க வேண்டும். அதன் கிருமி வளர ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகலாம்.

ஜாதவ்பூருக்கு இந்த நோயோடு நீண்ட தொடர்பு உண்டு. டாக்டர் குமுத சங்கர் ராய் முயற்சியால் 1920களில் அங்கே எழுந்த காசநோய் மருத்துவமனை, வங்கம் முழுவதிலிருந்தும் நோயாளிகளை ஏற்றது. கவிஞர் சுகாந்த பட்டாசார்யா 1947 மே 13 அன்று, 21 வயது நிறையுமுன், அங்கேதான் காசநோயால் இறந்தார். இன்று டேக்ரோலிமஸோடு மோதுகிறது என்று மருத்துவர்கள் கவலைப்படும் ரிஃபாம்பிசின், அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவத்துக்கு வந்தது. அந்த மருந்தின் தொல்லையைப் பேசும்போது இதையும் மறக்கக் கூடாது. அந்த மருத்துவமனை வளாகத்தில் 2000களில் கே.பி.சி. மருத்துவக் கல்லூரி உருவானது. அதை நிறுவிய காளி பிரதீப் சௌத்ரி கலிபோர்னியாவில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்தவர்.

எந்தப் பொருளால் ஆன மூட்டு

செயற்கை இடுப்பில் ஒரு தலையும் ஒரு கிண்ணமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அவை எதனால் ஆனவை என்பது சிறுநீரக நோயாளிக்குத் தனி முக்கியத்துவம் உடையது. உலோகத் தலை உலோகக் கிண்ணத்தில் உரசினால் கோபால்ட், குரோமியம் அயனிகள் இரத்தத்தில் கலக்கும். அவற்றை வெளியேற்றுவது சிறுநீரகம். திறன் குறைந்த சிறுநீரகம் உள்ளவரிடம் அவை தேங்கும். எனவே உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு இவர்களுக்கு ஆகாது என்பது தெளிந்த முடிவு. இந்த வகை மூட்டு ஒன்று 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களுக்கான இழப்பீடு பற்றி மத்திய அரசின் நிபுணர் குழு அறிக்கை 2018இல்தான் வெளிவந்தது.

அலுமினா பீங்கானில் இந்தத் தொல்லை இல்லை. 1970இல் பிரான்சின் பியர் பூத்தான் முதன்முதலில் அலுமினாத் தலையையும் கிண்ணத்தையும் இடுப்பில் பொருத்தினார். அலுமினா கீறல் விழாத கடினம் கொண்டது, மிக வழவழப்பாகத் தேய்க்க இயல்வது, அயனிகளை உடலில் கசியவிடாதது. அதன் குறை நொறுங்கும் தன்மை. தூளின் தூய்மை குறைந்தாலோ, சுடும்போது மணிகள் பெரிதாக வளர்ந்தாலோ, உள்ளே ஒரு நுண்துளை எஞ்சினாலோ அங்கே விரிசல் பிறக்கும். ஆகவே நல்ல அலுமினாத் தலையைச் செய்வது தூளை அழுத்தும் முறை, சூளையின் வெப்பம், மெருகு ஆகிய ஒவ்வொன்றிலும் தேர்ச்சி கேட்கும் வேலை.

ஜாதவ்பூரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் வந்து சேரும் இடம் இது. விடுதலைக்குப் பின் எழுந்த முதல் தேசிய ஆய்வுக்கூடங்களில் ஒன்றாக 1950இல் தொடங்கப்பட்ட அது, விஞ்ஞானி ஆத்மாராம் தலைமையில் ஒளியியல் கண்ணாடியை உள்நாட்டிலேயே உருவாக்கிப் பெயர் பெற்றது. பின்னர் உடலுக்குள் வைக்கும் பீங்கான்களை ஆராய்ந்தது. இடுப்பு மூட்டுக்கான அலுமினாத் தலை, உலோகத் தண்டின் மேல் ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு, கண்ணை இழந்தவரின் கண்குழியில் வைக்கும் நுண்துளைப் பந்து ஆகியவை அதன் உயிர்ப்பீங்கான் பிரிவின் உழைப்பு. ஹைட்ராக்சிஅபடைட் என்பது நம் எலும்பிலேயே இருக்கும் சுண்ணாம்புக் கனிமம். உலோகத் தண்டில் அதைப் பூசினால் எலும்பு அதைத் தன்னுடையதாக ஏற்று ஒட்டி வளர்கிறது, சிமெண்டு தேவைப்படுவதில்லை.

உறுப்பு பெற்றவர்களுக்குச் சிமெண்டா, சிமெண்டு இல்லாததா என்பது நெடுநாள் விவாதம். ஸ்டீராய்டால் மெலிந்த எலும்பு பூச்சின் மேல் வளருமா என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனால் தொடக்க காலத்தில் இளம் நோயாளிகளுக்குச் சிமெண்டால் பொருத்திய மூட்டுகள் விரைவில் தளர்ந்தன. பூச்சு கொண்ட தண்டுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நின்றன. இன்று நாற்பது வயது நோயாளிக்குச் சிமெண்டு இல்லாத தண்டும், பீங்கான் தலையும், குறுக்குப் பிணைப்பு மிகுந்த பாலிஎதிலீன் கிண்ணமும் பரவலான தேர்வு. எலும்பு மிகவும் மெலிந்த முதியவருக்குச் சிமெண்டு இன்றும் ஏற்றதே.

வேலூரும் கொல்கத்தாவும்

வேலூர் மருத்துவமனை வாசலில் தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் வங்காளப் பெயர்ப்பலகைகளைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு ரயிலேறி வந்து சிகிச்சை பெற்று ஊர் திரும்பும் வங்காளக் குடும்பங்கள் பல தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பயணத்துக்கு மருத்துவச் சிக்கல் ஒன்றும் உண்டு. சிறுநீரகம் ஒரு மாநிலத்தில் பொருத்தப்படுகிறது, இடுப்பு வலி இரண்டாண்டு கழித்து இன்னொரு மாநிலத்தில் வருகிறது. எந்த மருந்து எந்த அளவில், கடைசி டேக்ரோலிமஸ் அளவு என்ன, நிராகரிப்பு எப்போதாவது வந்ததா, எந்தப் பக்கம் சிறுநீரகம் வைக்கப்பட்டது என்ற தகவல்கள் நோயாளியின் பையில் இருக்கும் கசங்கிய காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. இந்த அறுவையில் எலும்பு மருத்துவரும் உறுப்பு மாற்று மருத்துவரும் முன்கூட்டியே பேசியிருப்பதைப் போல் பயன் தருவது வேறெதுவும் இல்லை. அவர்கள் வெவ்வேறு ஊரில் இருந்தால் தொலைபேசியில் பேச வேண்டும்.

சரியாகத் திட்டமிட்டுச் செய்தால் பலன் நல்லது. வலி நீங்குவதிலும் நடை திரும்புவதிலும் உறுப்பு பெற்றவர்கள் மற்றவர்களுக்குப் பெரிதும் பின்தங்குவதில்லை. மருத்துவமனையில் தங்கும் நாள், இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை, தொற்று ஆகியவைதான் கூடுதல். இளம் வயதில் மூட்டு பெறுவதால், வாழ்நாளில் ஒரு முறையாவது அதை மாற்றிப் பொருத்த நேரிடலாம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

செலவு

உறுப்பு மாற்றில் சேமிப்பை எல்லாம் கரைத்த குடும்பத்துக்கு மூட்டு மாற்று இரண்டாவது அடி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், மேற்கு வங்கத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் சுவாஸ்த்ய சாத்தி திட்டமும் ஓரளவு தாங்குகின்றன. உறுப்பைக் காக்கும் மருந்துகளுக்கு மாதந்தோறும் ஆகும் செலவு அதற்கு மேலும் தொடர்கிறது.

2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டு உபகரணங்களுக்கு உச்ச விலை விதித்தது. பெரும்பாலோர் பயன்படுத்தும் கோபால்ட் குரோமிய முழங்கால் மூட்டின் விலை, சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்ததிலிருந்து வரி நீங்கலாக 54,720 ரூபாயாக இறங்கியது. அந்த ஆணை இடுப்பு மூட்டைத் தொடவில்லை. உறுப்பு மாற்றம் பெற்ற இளையவர்களுக்குப் பெரும்பாலும் கெடுவது இடுப்புதான், அதிலும் இரண்டு பக்கமும். அவர்களுக்கு ஏற்ற பீங்கான் மூட்டு விலை கூடியது. ஜாதவ்பூரில் பொதுப் பணத்தில் வளர்ந்த பீங்கான் அறிவு நோயாளியின் இடுப்பைச் சென்றடைய வேண்டுமானால், இடுப்பு மூட்டுக்கும் உச்ச விலை விதிக்கப்பட வேண்டும், உள்நாட்டில் செய்யும் பீங்கான் மூட்டுகளை அரசு மருத்துவமனைகள் வாங்க வேண்டும். அதுவரை, உறுப்பு மாற்றம் பெற்று வாழும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்: தொடை இடுக்கில் வலி வந்தால் கடையில் மாத்திரை வாங்காமல் உங்கள் உறுப்பு மாற்று மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.